குணம் பார்த்த அரைமணி நேரம்

குட்டி போட்ட பெட்டைக்குக் குரக்கன் மாக் கஞ்சியைப் போல நல்லது வேறில்லை. பலர் இறைச்சியைக் கொட்டுகிறார்கள். முதல் மூன்று நாளும் வயிறு இளகியிருக்கும். அதற்குக் கஞ்சிதான் சரி. இருபத்திரண்டு வருடமாகக் கொட்டாஞ்சேனையில் லாப்ரடோர் வளர்த்துக் குட்டி கொடுக்கிறேன், மிஸ். ஜசிந்தா அக்காவிடம் எடுத்த நாய் பிள்ளைகளைக் கடிக்காது என்று தெஹிவளையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். எல்லோரும் தகப்பன் நாயைப் பார்ப்பார்கள். நான் தாயைப் பார்ப்பேன்.

நல்ல தாயை அது படுக்கும் விதத்திலேயே கண்டுபிடிக்கலாம். மூக்கால் குட்டிகளை ஒதுக்கிவிட்டு, பின்காலை மடித்து, ஒன்றும் நசியாமல் மெல்லச் சாயும். வெளியே போனாலும் காது குட்டிகள் கிடக்கும் பெட்டிக்குள்ளேயே இருக்கும். கூடாத தாய் நின்றபடி மூச்சு வாங்கும். குட்டி கத்தினால் சுவரைப் பார்க்கும். அப்படிப்பட்டதை இரண்டாம் முறை குட்டி போட விடமாட்டேன். குணம் இரத்தத்தில் இறங்கும்.

ஜூலி என்றொரு பெட்டை தன் குட்டிகள் இரண்டைக் கடித்துக் கொன்றது. மிருக வைத்தியர் பேதுரு வந்து பார்த்தார். "அக்கா, நீங்க எந்நேரமும் பெட்டிக்குப் பக்கத்தில நிக்கிறீங்க. பயந்த தாய்தான் கடிக்கும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். படித்த மனிதர். ஆனால் அவர் வந்து போகிறவர். நான் கூடவே இருக்கிறவள்.

வாக்குமூலத்துக்கு நீங்கள் கேட்டது என் தம்பி மனைவியைப் பற்றி. சொல்கிறேன்.

தம்பி சாந்தகுமார் அஷ்வினியைக் கட்டி ஆறு வருடத்துக்குப் பிறகுதான் குழந்தை கிடைத்தது. பெண் குழந்தை. எஸ்தர் என்று பெயர் வைத்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலாம் நாளே நான் கவனித்துவிட்டேன். அஷ்வினிக்கு நித்திரை இல்லை. பால் கொடுப்பாள், கண் ஜன்னலில் இருக்கும். குழந்தை அழுதால் அவளும் அழுவாள். அறை வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். காலையிலும் பார்த்தேன், மாலையிலும் பார்த்தேன். நான் பார்க்கப் பார்க்க அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு பால் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்த மிட்வைஃப், பிள்ளை பெற்ற பலருக்கு இப்படி வருவதுதான், கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள் என்றார். டொக்டர் குளிசை தந்தார். வேலை செய்ய இரண்டு மூன்று கிழமை செல்லும், இடையில் நிறுத்த வேண்டாம் என்றார். குளிசை கொடுக்கும் பொறுப்பைத் தம்பி என்னிடம் விட்டான். வீட்டில் மருந்து கொடுத்துப் பழகியவள் நான்தானே.

அந்தக் குளிசைகளை நான் கொடுக்கவில்லை. குளியலறைக் கானில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். பதிலுக்கு நாய்களுக்கு வாங்கிய கல்சியத்தை உடைத்துக் கொடுத்தேன். பால் கொடுக்கிறவளுக்கு அது நல்லது. இதில் வஞ்சம் ஒன்றும் இல்லை, மிஸ். மருந்தால் அடக்கி வைத்த பெட்டையின் குணத்தை யாரும் மதிப்பிட முடியாது. மருந்து நின்றதும் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். நான் அதை முன்கூட்டியே பார்க்க நினைத்தேன்.

குழந்தை பிறந்து ஐந்தாம் வாரம் அவள் என் கையைப் பிடித்தாள். "மச்சாள், குளிசை வேலை செய்யுதில்ல. எனக்கு என்னை நினைக்கவே பயமாக் கிடக்கு. இன்னொருக்கா டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"பொறு. இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்" என்றேன்.

தாயின் குணம் பார்க்க ஒரு வழி உண்டு. குட்டிகளை அரைமணி நேரம் ஒளித்து வைக்க வேண்டும். கூடாத தாய் படுத்துவிடும். நல்ல தாய் தேடும்.

அன்று புதன்கிழமை, பகல் இரண்டு மணி. தம்பி துறைமுகத்தில் வேலையில் இருந்தான். பல நாளுக்குப் பிறகு அஷ்வினி கண்ணயர்ந்திருந்தாள். நான் எஸ்தரைத் தூக்கிக்கொண்டு பின்வளவு நாய்க்கொட்டிலுக்குப் போனேன். அங்கே பிரவுனி பத்து நாள் குட்டிகள் ஐந்தோடு படுத்திருந்தது. அதைவிட நல்ல தாய் என்னிடம் இருந்ததில்லை. குழந்தையைத் துணியால் சுற்றிக் குட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். பிரவுனி ஒருமுறை முகர்ந்துவிட்டு நெற்றியை நக்கியது. அந்தச் சூட்டில் குழந்தை தூங்கியது. கொட்டிலைப் பூட்டிவிட்டு வந்து குசினியில் அடுப்புப் பக்கம் நின்றேன்.

பத்து நிமிடத்தில் அவள் எழுந்தாள். கட்டிலுக்குக் கீழே பார்த்தாள். அலுமாரியைத் திறந்தாள். வோஷிங் மெஷினுக்குள் கையை விட்டுத் துழாவினாள். பிறகு குசினிக்கு வந்தாள்.

"மச்சாள், பிள்ளை எங்க?"

"உன்னோடதானே படுத்திருந்தது" என்றேன்.

அவள் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். "நான் ஏதும் செய்துபோட்டேனோ?"

நான் சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டேன். நடுவில் குரல் கொடுத்தால் சோதனை கெட்டுவிடும்.

நாய் என்றால் அவளுக்குப் பயம். ஆறு வருடத்தில் ஒருநாளும் கொட்டில் பக்கம் வந்ததில்லை. அன்று வந்து பூட்டைப் பிடித்து உலுக்கினாள். "இதைத் திறங்கோ."

"பிரவுனி குட்டியோட இருக்கு. கலைக்கக் கூடாது" என்றேன். சாவி என் கைக்குள் இருந்தது.

அவள் முன்வாசலால் ஓடினாள். காலில் செருப்பில்லை. சட்டை பாலில் நனைந்திருந்தது. எதிர்வீட்டு இரத்தினம்மாவிடம் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் நடு றோட்டில் நின்று போகிற வருகிற எல்லோரிடமும் கேட்டாள். சிங்களத்திலும் கேட்டாள், என் பிள்ளை எங்கே என்று: "மகே பபா கோ, மகே பபா கோ." துறைமுகப் பக்கமிருந்து கொன்டெய்னர் லொறி ஒன்று திரும்பியது. அவள் அந்த இடத்திலேயே செத்துப்போனாள். சாரதியில் பிழை இல்லை. அந்த மனிதரை விட்டுவிடுங்கள்.

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். அவள் எழுந்து பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது.

குழந்தையை நாய்ப்பெட்டிக்குள் கண்டெடுத்ததாகத் தம்பியிடம் சொன்னேன். புத்தி பேதலித்து அவள்தான் வைத்திருப்பாள் என்றும் சொன்னேன். பூட்டைப் பற்றி அவன் கேட்கவில்லை.

இதெல்லாம் நடந்து ஏழு மாதம். பிரவுனியின் குட்டிகள் எப்போதோ போய்விட்டன. ஆனால் பகல் இரண்டு மணியானால் அது வீட்டுக்குள் வருகிறது. கட்டிலுக்குக் கீழே தலையை விடுகிறது. அலுமாரிக் கதவைக் கீறுகிறது. வோஷிங் மெஷினுக்கு முன்னால் நின்று முனகுகிறது. பிறகு குசினிக்கு வந்து என் முகத்தைப் பார்க்கிறது. குட்டிகளைத் தேடுகிறது, சரியாகிவிடும் என்கிறார் பேதுரு. அன்று அது பூட்டிய கொட்டிலுக்குள் கிடந்தது. அஷ்வினி தேடிய இந்த ஒழுங்கு அதற்கு எப்படித் தெரியும் என்று அவரிடம் கேட்க முடியவில்லை. போன மாதம் எஸ்தர் தவழத் தொடங்கினாள். பிரவுனியின் பின்னாலேயே போகிறாள். கட்டில், அலுமாரி, மெஷின். கடைசியில் இரண்டு பேரும் குசினி வாசலில் இருந்து என்னைப் பார்ப்பார்கள். குழந்தை அழுவதில்லை. கதவைச் சாத்திப் பார்த்தேன். சாத்திய கதவுக்கு வெளியே இருப்பார்கள்.

பயந்துபோய்ப் பொலிசுக்கு வந்தேன் என்று எழுத வேண்டாம். போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது தம்பி ஒருவரிடம் சொன்னான்: "அவளுக்குத் தாய்க்குணமே இல்ல. பெத்த பிள்ளையை நாய்க்குப் போட்டவள்." அது பிழை. பொய்யைச் சொன்னது நான்தான். ஆனால் தாயின் குணத்தைப் பிழையாகப் பதிந்தால் அது மகளின் தலையிலும் விழும். அதைச் சரிப்படுத்தத்தான் வந்தேன்.

குளிசைகளை எறிந்தது நான். குழந்தையை ஒளித்தது நான். அவள் கையை விரித்துக் கேட்டபோது வாய் திறக்காமல் நின்றதும் நான். எழுதிவிட்டீர்களா, மிஸ்? இன்னொன்றையும் எழுதுங்கள். இத்தனை வருடத்தில் அப்படித் தேடிய ஒரு தாயை நான் கண்டதில்லை. அஷ்வினி என் சோதனையில் தேறிவிட்டாள். நான் சோதித்துப் பார்த்திராவிட்டால் அது ஒருவருக்கும் தெரிந்திருக்காது.