இரண்டு முனையிலும் ஒரே பெயர்

டாக்டர், உங்கள் காத்திருப்பு அறையில் மாட்டியிருக்கும் கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. ஞாபகத்துக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் இது நன்றாக இல்லை என்று, வந்த ஐந்து முறையும் சொல்ல நினைத்தேன். ஐந்து முறையும் மறந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது டீச்சர். டீச்சர் என்றால் என் மனைவி. தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும், நானும் தெருவோடு சேர்ந்துகொண்டு பல வருடம் ஆகிறது. "எல்லாத்தையும் எழுதுங்க. நடுவுல ஒரு ஸ்டெப் விட்டாலும் மார்க் கிடையாது" என்று சொல்லியிருக்கிறாள். ஆகவே ஸ்டெப் ஸ்டெப்பாக எழுதுகிறேன்.

நான் டெலிபோன் இலாகாவில் முப்பத்து நான்கு வருடம் கேபிள் பழுது பார்த்தவன். மண்ணுக்கடியில் கம்பி எங்கே அறுந்திருக்கிறது என்பதை, மேலே நடந்து போகும்போதே என் கால் கட்டைவிரல் சொல்லிவிடும் என்று ஆபீசில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் நான்தான். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தால், வீட்டில் ஒரு பழுதும் இல்லை. முதல் மூன்று மாதத்தில் மிக்ஸியை நான்கு முறை பிரித்தேன். அதில் மூன்று முறை அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

மகளும் மாப்பிள்ளையும் பார்த்தார்கள். "மாமா, வீட்டை ஸ்மார்ட்டா மாத்திடுங்க. கதவு திறந்து கிடந்தா, அடுப்பு எரிஞ்சா, வீடே வாய் விட்டுச் சொல்லும்" என்றார் மாப்பிள்ளை. எனக்கு மறுபடி இருபத்தைந்து வயதாகிவிட்டது.

சென்சார் கடையில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். இரண்டாம் நாள் மதியம் வந்தவர்கள் என்னிடமே விலை கேட்டார்கள், நானும் சொன்னேன். ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் சென்சார் ஒன்றை வீட்டில் வைத்துப் பார்த்தோம். நான் நாற்காலியில் உட்கார்ந்தால் அது அறையில் ஆளே இல்லை என்று முடிவு கட்டி விளக்கை அணைத்தது. "அது சரியாத்தான் சொல்லுது" என்றாள் டீச்சர். திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைசியில் கதவுகளுக்குக் காந்த சென்சார், அடுப்புக்கு மேலே சூட்டு சென்சார், சமையலறையில் ஒரு ஸ்பீக்கர்.

மாப்பிள்ளை ஒயர்லெஸ் போதும் என்றார். நான் கம்பிதான் என்று நின்றேன். "காத்துல போற சேதிக்கு அப்பன் யாரு, ஆத்தா யாரு? கம்பியில வந்தா எங்கேருந்து வருதுன்னு தெரியும்" என்றேன். முந்நூறு மீட்டர் போதுமான வீட்டில் எழுநூறு மீட்டர் இழுத்தேன். இன்னும் கொஞ்சம் வாங்கியிருந்தால் நிலாவுக்கு ஓர் இணைப்பு கொடுத்திருப்பேன். கம்பிக்காகத் துளை துளையாகிப்போன சுவர்களைப் பார்த்துவிட்டு டீச்சர், "இதுல இனிமே மாவு சலிக்கலாம்" என்றாள்.

எங்கள் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. கேபிளின் இரண்டு முனையிலும் ஒரே பெயர் எழுதி ஒட்ட வேண்டும். பெயர் இல்லாத கேபிள் எங்களுக்கு அநாதைப் பிணம் மாதிரி. எல்லாவற்றுக்கும் ஒட்டினேன்.

ஒரு ஸ்டெப் விட்டுவிட்டேன். என் சாய்வு நாற்காலியின் கைப்பிடிக்கு அடியில் இரண்டு பொத்தான் வைத்தேன். ஒன்று முன்கதவுக் கம்பிக்கு, மற்றது அடுப்புக் கம்பிக்கு. அமுக்கினால், பூட்டிய கதவைத் திறந்திருப்பதாகவும் அணைத்த அடுப்பை எரிவதாகவும் வீடு நினைத்துக்கொள்ளும். ஒயர்லெஸ்ஸில் எனக்கு இந்த வித்தை வராது. பொத்தான் வைத்தது சோதனைக்காக.

அடுத்த மாதம் டீச்சருக்கு ஒரு கடிதம் வந்தது. எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு புதுப் பள்ளி, கணிதத் துறைக்குத் தலைமை, இரண்டு வருடம், தங்க அறை. அவள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தாள், பிறகு உட்கார்ந்து படித்தாள். "நீங்களும் வாங்களேன்" என்றாள். எழுநூறு மீட்டர் கேபிளை விட்டுவிட்டு நான் எப்படி வருவது?

மறுநாள் காலை முதல் தடவை அமுக்கினேன். சமையலறை ஸ்பீக்கர், 'முன்கதவு திறந்திருக்கிறது' என்றது. "இப்பத்தானே பூட்டினேன்" என்றாள். நான் முந்திக்கொண்டு எழுந்து போய், தாழ்ப்பாளைச் சத்தம் வர ஒருமுறை ஆட்டிவிட்டு வந்தேன். "திறந்துதான் இருந்துச்சு. பூட்டிட்டேன். விடு டீச்சர், எல்லாருக்கும் வர்றதுதான்."

அந்த 'விடு டீச்சர்' எனக்கே பிடித்திருந்தது. அவ்வளவு அன்பாக நான் அவளிடம் பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் அமுக்கியதில்லை. எதிலும் ஓர் அளவு வேண்டும். அவள் கொல்லையில் துணி காயப்போடும்போது அடுப்பு, கதவைப் பூட்டிவிட்டு உள்ளே வந்ததும் கதவு. அவள் ஒரு நோட்டு போட்டாள். 'கதவு பூட்டினேன், 8.10. அடுப்பு அணைத்தேன், 8.25.' கணக்கு டீச்சர் இல்லையா. "நோட்டு நீ எழுதறது. வீடு எதுக்குப் பொய் சொல்லணும்?" என்று கேட்டேன். கொஞ்ச நாளில் தன் கையெழுத்தையே விரலால் தொட்டுத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். வெளியே போனால் தெருமுனை வரை போய்த் திரும்பி வருவாள், மூன்று முறை. ஸ்கூட்டர் ஓட்டுவதை விட்டாள். பேரனைத் தனியாகப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று மகளிடம் அவளே சொல்லிவிட்டாள்.

பிறகு உங்களிடம் வந்தோம். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னீர்கள். நீங்கள் சரிபார்க்கும் முன்பே முடித்துவிட்டு, உங்கள் தாளில் ஒரு விடை தப்பு என்றும் சொன்னாள். நீங்கள் என் பக்கம் திரும்பி, "வீட்ல எப்படி?" என்று கேட்டீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு, "அடுப்புதான் டாக்டர் பயமா இருக்கு" என்றேன். ஆரம்பக்கட்ட மறதி என்று எழுதினீர்கள். நான்கு மாதமாக மாத்திரை. மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுப்பேன், தண்ணீரோடு, ஒருவேளைகூடத் தவறாமல். அவள் பள்ளிக்கு வர முடியாது என்று எழுதிப்போட்டாள். காரணத்தையும் மறைக்காமல் எழுதினாள். அஞ்சலில் சேர்த்தவன் நான்.

தவளை தன் வாயால் கெடும். நான் லேபிளால் கெட்டேன்.

போன செவ்வாய் இடி இறங்கியதில் கம்பிகள் வந்து சேரும் பெட்டி புகைந்துவிட்டது. புதன்கிழமை பெட்டி மாற்ற ஒரு மெக்கானிக் வந்தார், வேலையில் சுத்தமான ஆள். ஒவ்வொரு கம்பியாகச் செருகி, புதுப் பெட்டியில் பெயர் ஏற்றுவதற்காக உரக்கப் படித்தார். டீச்சர் அவருக்கு டீ கொண்டுவந்து நின்றாள்.

"முன்கதவு. கொல்லைக்கதவு. அடுப்பு. சூப்பர் சார், யாரு இவ்வளவு அழகா பேர் எழுதறாங்க இப்பல்லாம். மறதி ஒண்ணு. மறதி ரெண்டு. சார், இது எந்த ரூமு?"

என்ன செய்வது டாக்டர், பெயர் இல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. முப்பத்து நான்கு வருடப் பழக்கம்.

டீச்சர் டீயைக் கீழே வைத்தாள். 'மறதி' கேபிளை விரல்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்தாள். அது என் நாற்காலியில் வந்து நின்றது. அங்கேயும் அதே பெயர், அதே கையெழுத்து. கைப்பிடிக்கு அடியில் துழாவி அமுக்கினாள். 'முன்கதவு திறந்திருக்கிறது' என்றது வீடு. பூட்டியிருந்த கதவைப் பார்த்தாள். மறுபடி அமுக்கினாள். மூன்று முறை. நிரூபணம் என்றால் அவளுக்கு மூன்று முறை.

"எழுத்து குண்டு குண்டா நல்லா இருக்குங்க" என்றாள். அழவில்லை.

மெக்கானிக் டீயைக் குடிக்காமல் போய்விட்டார். டீச்சர் மகள் வீட்டுக்கு ஸ்கூட்டரிலேயே போனாள். கதவை இழுத்துச் சாத்தினாள். சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று திரும்பி வந்து பார்க்கவில்லை.

அந்தப் பள்ளியில் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். திங்கட்கிழமைக்குள் உங்கள் கையெழுத்தில், அவளுக்கு ஒன்றும் இல்லை என்று ஒரு கடிதம் வேண்டும். அதற்காகத்தான் இது. அவள் ஒரு நாளும் எதையும் மறக்கவில்லை. கதவை அவள் பூட்டினாள், அடுப்பை அணைத்தாள், அமுக்கியவன் நான். தெரிந்தே அமுக்கினேன். இந்தக் கடிதத்தின் இரண்டு முனையிலும் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும். அவள் போனதிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்கு, அவள் காய்கறி வாங்கித் திரும்பும் நேரத்தில், வீடு 'முன்கதவு திறந்திருக்கிறது' என்கிறது. நான் கைப்பிடிக்கு அடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து எழுந்து போய்ப் பார்க்கிறேன். பூட்டியே இருக்கிறது. கேபிளை முழுக்கச் சோதித்துவிட்டேன், ஒரு பழுதும் இல்லை. பொத்தான்களை மட்டும் இன்னும் கழற்றவில்லை. சோதனைக்கு வேண்டியிருக்கிறது.