ஒரு கை காலியா இருக்கணும்

எலுமிச்சம்பழம்லாம் ஒண்ணும் இல்ல பாஸ்டர், பைய எத்தினி வாட்டி கவுத்தாலும் டிபன் பாக்ஸ் தான் வரும். அந்தப் பேப்பர கசக்காம புடிங்க மொதல்ல. பேய் புடிச்சிக்கீதுன்னு எண்ணெ பாட்டில எடுத்துக்கினு என் தலைல தடவ வந்துட்டீங்களே, இது இன்னாமான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?

ஆட்டம். காலேஜ்ல மத்தியான பிரேக்ல ஆடுறது. கூடப் படிக்கிற ஹேமந்த்தோட மாமா கப்பல்ல வேல செய்றாரு, அவரு கொண்ணாந்த புக்க வச்சி ஆடுறோம். ஒருத்தன் கதைய நடத்துவான். நாங்க ஆளுக்கொரு வேஷம் செஞ்சிக்கினு அதுக்குள்ள பூந்துப்போம். அடி உழுந்துச்சா, தப்பிச்சோமான்னு பகட உருட்டிப் பாக்குறது. உங்க கைல கீற பேப்பர்ல எழுதிக்கீறது ஆட்டத்துக்கு நான் செஞ்ச ஆளு.

ஆமா, மந்திரம்னு எழுதிக்கீது. கீழயே கத்தின்னும் எழுதிக்கீதே, அது யாரு கண்ணுக்கும் தெர்ல. மந்திரத்தப் பாத்தவொடனே அம்மா அடுப்பக் கூட அணைக்காம உங்க வூட்டுக்கு ஓடிடுச்சு.

ரெண்டும் எதுக்கா? பசங்களும் இதே தான் கேட்டானுங்க. மந்திரக்காரின்னா மந்திரக்காரியா இரு, கத்திக்காரின்னா கத்திக்காரியா இரு, ரெண்டும் வச்சிக்கினா ரெண்டுமே அரகொறன்றானுங்க. இரும்புக் கவசம் போட்டா மந்திரம் பலிக்காதாம், புக்குல அப்டி கீதாம். சரிடா, தோல் சட்ட போதும்னேன். கேடயம்? வேணாம். மந்திரம் போட ஒரு கை காலியா இருக்கணும். சீக்கிரம் செத்துப் பூடுவன்னான் ஹேமந்த். பரவால்ல, அடி வாங்குறேன். ஆனா நான் மந்திரம் சொல்லி முடிக்கிற வரைக்கும் கிட்ட வந்தவன் கையக் கட்டிக்கினு நிப்பானா? அதுக்குத் தான் இன்னொரு கைல கத்தி.

வெளையாட்டு தான, வுட்டுடுன்றீங்க. நல்லா கீது.

போன மாசம் அம்மா உங்க கிட்ட வந்து சொல்லுச்சே, நானும் வாசல்ல தான் நின்னுக்கினு இருந்தேன். வேல செய்ற மண்ணூர் கம்பெனில சூப்பர்வைசர் அத ஓ.டி.ன்னு நிறுத்தி வச்சி ஸ்டோர் ரூம் கதவச் சாத்துறான்னு. ஞாயித்துக்கெழம உங்க சபைல காணிக்கப் பை தூக்கினு வருவானே, அந்த ஆளு தான். ஜெபம் பண்ணுமா, பொறுத்துக்கோமான்னீங்க. அதுவும் பண்ணுச்சி. பஸ்ல பண்ணுது, கம்பெனில லைன்ல நின்னு வேல செஞ்சிக்கினே பண்ணுது, இன்னி வரைக்கும் வுடல. அவன் கை தான் நிக்கல.

ஜெபத்த நான் ஒண்ணும் சொல்லல பாஸ்டர். அது ஒரு கைல இருக்கட்டும்.

கிழிக்கணுமா? கிழிங்க. நாளைக்கே வேற பேப்பர்ல எழுதிப்பேன், கத்திய இன்னும் நீட்டமா. அதுக்கு முன்ன பேப்பர் மேல நான் செஞ்ச ஆளோட பேரு எழுதிக்கீது பாருங்க, வாய்வுட்டுப் படிங்க.

மெர்சி தான். தோ, உங்களுக்குக் காப்பி எடுத்துக்கினு வருதே எங்கம்மா, அதோட பேரு. அது மூஞ்சியப் பாத்துக்கினே கிழிங்க.