எண்ணூறு மீட்டருக்கு அப்பால்

எங்கள் விமான நிலையத்தில் காபி நன்றாக இருக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரைலி காலை ஐந்து மணிக்குப் போட்டு வைப்பாள், நீங்கள் பத்து மணிக்கு வந்திருக்கிறீர்கள். ஏலக்காய் ரொட்டி பரவாயில்லை, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெல்சின்கியிலிருந்து நான்கு மணி நேரம் காரோட்டி வந்ததாகச் சொன்னீர்கள். விபத்து நடந்து ஒன்பது நாளாகிறது, ஓடுபாதைக்கு ஒரு சேதமும் இல்லை. விமானத்திலேயே வந்திருக்கலாம். விசாரிக்க வருகிறவர்களே காரில் வந்தால் ஊர் எங்களைப் பற்றி என்ன நினைக்கும்? சரி, அது உங்கள் விருப்பம்.

எங்கள் ஊர் கொர்ப்பிவாராவிலிருந்து ரஷ்ய எல்லை பதினாறு கிலோமீட்டர். எல்லை திறந்திருந்த காலத்தில் அந்தப் பக்கத்து ஜனங்கள் குடும்பத்தோடு காரில் வந்து இங்கிருந்துதான் தெற்கே கடற்கரைகளுக்குப் பறப்பார்கள். அவர்களுக்காகக் கழிவறைக் கதவில்கூட ரஷ்ய மொழியில் எழுதி வைத்தோம். எல்லையை மூடிய பிறகு எழுத்து இருக்கிறது, படிக்கத்தான் ஆள் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து இப்போது அனுமதி கேட்காமல் வருவது ஏரிப் பனிமூட்டம் மட்டும்தான்.

மிஞ்சியது பத்தொன்பது இருக்கைகள் கொண்ட ஒரு ஹெல்சின்கி விமானம். காலையில் வரும், மாலையில் போகும். அதற்கு நாங்கள் மூன்று பேர். ரைலி பயணச்சீட்டைப் பார்ப்பாள், பிறகு சுற்றிக்கொண்டு போய் அதே ஆளின் பையைச் சோதிப்பாள், பிறகு அவருக்கே காபி விற்பாள். சொந்த அக்கா புருஷனிடமும் "பையை நீங்களேதான் கட்டினீங்களா?" என்று கேட்பாள். அவர் ஒவ்வொரு முறையும், "இல்ல, உங்க அக்கா கட்டினா" என்பார். அப்படி ஒரு பதில் செல்லுமா என்று அவள் விதிப்புத்தகத்தைப் புரட்டுவாள். வெய்க்கோ ஓடுபாதையில் பனி தள்ளுவான். விமானம் இறங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது தீயணைப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு தீயணைப்பு வண்டியில் போய் உட்காருவான். நான் கோபுரத்தில் இருப்பேன். வானிலை, ரேடியோ, விளக்குகள் எல்லாம் நான்தான்.

மூன்று வருடத்துக்கு முன் போக்குவரத்து அமைச்சகத்திலிருந்து கடிதம் வந்தது. வானிலையால் விமானங்கள் அடிக்கடி திரும்பிப் போகின்றன, இப்படியே போனால் சேவையை நிறுத்திவிடுவோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். சேவை நின்றால் நிலையமும் மூடப்படும். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. இந்தக் கோபுரத்தில் முப்பத்தொரு வருடம். மனைவி போய்விட்டாள், சாகவில்லை, தாம்பரே நகரத்துக்குப் போய்விட்டாள். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பயந்துபோனேன், அதை மறைக்க மாட்டேன்.

பார்வைத்தூரம் எப்படிக் கணிப்பது என்று கேட்டீர்கள். பெரிய நிலையங்களில் கருவி இருக்கிறது. எங்களுடையது பழுதாகி வருடக்கணக்காகிறது. ஆகவே பழைய முறைதான், கண்ணால் பார்ப்பது. கோபுரத்து ஜன்னலிலிருந்து, காற்றின் திசை காட்டக் கம்பத்தில் கட்டிய காற்றுப்பை முந்நூறு மீட்டர். தேவதாரு மரவரிசை எண்ணூறு. தண்ணீர்த் தொட்டி ஆயிரத்து ஐந்நூறு. தேவாலயக் கோபுரம் மூவாயிரம். எது வரைக்கும் கண்ணுக்குத் தெரிகிறதோ அதுதான் பார்வைத்தூரம். எண்ணூறுக்குக் கீழே நான் சொன்னால் விமானி இறங்க முயற்சிக்கவே கூடாது, அப்படியே திரும்பிவிட வேண்டும். ஆக, ஒரு விமானம் வருவதும் போவதும் நான் சொல்லும் எண்ணில்தான் இருக்கிறது.

அந்த நவம்பரில் ஒருநாள் மரவரிசை தெரியவில்லை. ஆனால் முந்தின நாள் அங்கேதான் இருந்தது. யாரும் வெட்டிக்கொண்டு போகவில்லை. இருக்கிற மரத்தை இருக்கிறது என்று சொல்வதில் என்ன பொய்? ஆயிரம் மீட்டர் என்றேன். விமானம் பூப்போல இறங்கியது. அதில் வந்த ஒருவர், ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சோடு இருந்த தன் தாயைப் போய்ப் பார்த்துவிட்டாராம். ரைலி சொன்னாள். அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன். அதன் பிறகு இந்த மார்ச் வரை நாற்பத்தோரு முறை அப்படிச் சொல்லியிருக்கிறேன், நாற்பத்தோரு முறையும் இறங்கினார்கள். என் எண்களில் ஒன்றுகூடத் தவறவில்லை என்பதை உங்கள் அறிக்கையில் குறிப்பிட வேண்டும்.

வெய்க்கோதான் புலம்பிக்கொண்டிருந்தான். போன பிப்ரவரியில் ஒருநாள் படியேறி வந்தே கேட்டான்.

"ஏன்யா ரெய்யோ, ஆயிரத்து இருநூறுன்னு சொல்றியே, எனக்கு வண்டியோட மூக்கே தெரியல."

"நீ கீழ உக்காந்திருக்க. நான் மேல உக்காந்திருக்கேன்."

"மேலயும் அதே பனிதானய்யா. இன்னொரு தடவை இப்படிச் சொன்னா நானே ரேடியோவுல விமானிகிட்ட சொல்லிடுவேன். அப்புறம் வருத்தப்படாத."

நல்ல மனிதன்தான், வாய் மட்டும் அடங்காது. தீயணைப்பு வண்டியின் ரேடியோவில் யார் பேசினாலும் விமானிக்குக் கேட்கும். தரையிறங்கும் நேரத்தில் காதில் இரண்டு குரல், இரண்டு எண் என்றால் விமானி குழம்பிப் போவார். குழப்பம் ஆபத்தானது. எனக்குப் பாதுகாப்புதான் முக்கியம்.

மார்ச் பதினொன்றாம் தேதி அமைச்சகத்து அதிகாரி மார்கெட்டா லெப்போலா காலை விமானத்தில் வருவதாகத் தகவல். நிலையத்தை வைத்துக்கொள்வதா மூடுவதா என்பது அவர் கையில் இருந்தது. ரைலி தரையெல்லாம் துடைத்து, புதுக் காபிப் பொடியே வாங்கி வைத்திருந்தாள். அதிகாரி வரும் நாளில் விமானம் திரும்பிப் போனால் எங்கள் கதை முடிந்தது. விடிந்து பார்த்தால் ஏரியிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து காற்றுப்பையையே மறைத்துவிட்டது.

விமானி ஹென்னா எங்கள் ஊர்ப் பெண். பள்ளிக்கூட நாளில் கோபுரத்துக்கு வந்து என் தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தவள். அன்று ரேடியோவில் நான் ஆயிரத்து இருநூறு என்றதும் கேட்டாள்.

"இங்கேர்ந்து பாத்தா கீழ ஒரே பால் மாதிரி இருக்கே, ரெய்யோ. நெசமாவா?"

"மேலேர்ந்து பாத்தா அப்படித்தான் இருக்கும்."

"மரவரிசை தெரியுதா?"

மரவரிசை எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். தெரியுது என்றேன்.

"நீ சொன்னா சரி" என்றாள். ஒலிப்பதிவில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவள் குரலில் துளி சந்தேகம் இல்லை. அந்த நம்பிக்கை எனக்கு இன்றும் பெருமைதான்.

மேற்கிலிருந்து இறங்குவதாக ரேடியோவில் சொன்னவள், ஓடுபாதையின் மேற்கு முனைக்கு முந்நூறு மீட்டர் முன்னாலேயே மரங்களில் மோதினாள். விமானத்தில் இருந்த பதினான்கு பேரில் ஆறு பேர் இறந்தார்கள், அதில் மோதலிலேயே இறந்தது ஹென்னா ஒருத்திதான் என்று மருத்துவர்கள் சொல்வதாகச் சொன்னீர்கள். மற்ற ஐந்து பேரும் மோதிய பிறகும் உயிரோடு உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார்கள், தீ பிறகுதான் பிடித்தது. ஆமாம், செய்தித்தாளிலும் படித்தேன்.

தீயணைப்பு வண்டியின் ரேடியோ ஃபியூஸ் பற்றிக் கேட்டீர்கள். முந்தின நாள் மாலை நான்தான் கழற்றினேன். நீங்கள் தேட வேண்டியதில்லை, என் மேசை இழுப்பறையில் ஒரு உறையில் போட்டு, எந்த வண்டியுடையது என்று எழுதி வைத்திருக்கிறேன். நிலையத்துச் சொத்தைத் தூக்கி எறிகிற ஆள் நான் இல்லை. அதிகாரி இறங்கி, காபி குடித்து முடித்ததும் மறுபடி மாட்டிவிடுவதாகத்தான் இருந்தது.

ஹென்னாவின் ரேடியோ அறுந்ததும் அபாயச் சங்கை உடனே அழுத்தினேன். வெய்க்கோ புறப்பட்டான். எங்கே போவது என்று அவனுக்குச் சொல்ல ரேடியோ இல்லை. பனியில் தீயின் வெளிச்சமும் தெரியவில்லை. விமானங்கள் பெரும்பாலும் கிழக்கிலிருந்துதான் இறங்கும், ஆகவே அவன் கிழக்கு முனைக்குப் போய்த் தேடினான். பதினொரு நிமிடம் தேடினான். தன் கைபேசியிலிருந்து கோபுரத்துக்கு நான்கு முறை கூப்பிட்டிருக்கிறான். மணி அடித்தது எனக்குக் கேட்டது. ஆனால் விபத்து நடந்தால் அந்த நொடியின் வானிலையை உடனே பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. பார்த்து, யோசித்து, திருத்தமாக எழுதினேன். பார்வைத்தூரம் இருநூறு மீட்டர். அந்தப் பதிவில் நீங்கள் ஒரு குறை காண முடியாது.

எழுதி முடித்து எடுத்தபோது வெய்க்கோ அழுதுகொண்டிருந்தான். "எந்தப் பக்கம்யா, எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு" என்றான். மேற்கு என்றேன். இப்போது அவன் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அதுதான் எனக்கு வருத்தம், இருபது வருடம் சேர்ந்து வேலை பார்த்தவர்கள்.

ஆக, நீங்கள் கேட்டதற்கு என் பதில்: ஆமாம். தெரியாததைத் தெரிகிறது என்றது நான். ஃபியூஸைக் கழற்றியது நான். போனை எடுக்காமல் இருந்ததும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

நீங்கள் இந்தப் பிளாஸ்டிக் உறையில் கொண்டுவந்திருக்கும் கடிதத்தைக் காட்டினீர்கள். லெப்போலாவின் பையில் இருந்ததாம், ஓரம் மட்டும் கருகியிருக்கிறது. கடும் பனிமூட்டத்திலும் சேவையை ஒழுங்காக நடத்தும் ஊழியர்களைப் பாராட்டி, நிலையத்தை இன்னும் நான்கு வருடம் நடத்த அனுமதிப்பதாக எழுதி, புறப்படுவதற்கு முந்தின நாளே கையெழுத்தும் போட்டிருக்கிறார். அன்று காலை அவர் திரும்பிப் போயிருந்தாலும் இந்த நிலையம் பிழைத்திருக்கும் என்கிறீர்கள். இருக்கலாம். நீங்கள் சட்டம் படித்தவர், எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். போட்டவர் இறந்துபோனாலும் அந்தக் கையெழுத்து செல்லும்தானே?