ஊருக்கு ஒரு நம்பர்

— நல்லாங்குப்பத்துக்குப் பீப்பா பீப்பாயா சீமெண்ணெ போச்சு மச்சான். சர்க்கரையும் போச்சு. அரிசி மட்டும் ரெண்டே மூட்டை. ரேஷன் லாரியோட போய் எறக்குனவன் நான். சீமெண்ணெயக் குடிச்சா அங்க பசி ஆறும்னு யாரு போட்ட கணக்கு இது?

— தில்லைநாதன் மாப்ளே, மொதல்ல உக்காருங்க. கடலூர்லேர்ந்து சிதம்பரம் வரைக்கும் வெயில்ல வந்திருக்கீங்க. மோர் கொண்டாரச் சொல்றேன்.

— மோர் வேணாம். ஆபீசுக்கு நீங்க போட்டுக் குடுத்த கணக்குதானே?

— நான்தான் போட்டேன். ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு சாமானையும் தனித்தனியா எழுதுனா பட்டியல் செவுத்து அகலத்துக்கு வருது, தந்தியில அனுப்ப முடியல, சுருக்கிக் குடு சபாபதின்னாங்க. சுருக்கினேன். ஊருக்கு ஒரு நம்பர், சாமானுக்கு ஒரு நம்பர், சாமான் நம்பர் எல்லா ஊருக்கும் ஒண்ணுதான். ரெண்டையும் பெருக்கினா எந்த ஊருக்கு எது எவ்வளவுன்னு வந்துடும்.

— குறிஞ்சிப்பாடிக்கு வந்துடும். அங்க நெல்லு வெளையுது, சீமெண்ணெதான் வேணும். குப்பத்துல எவன் நெல்லு போட்டான்? மீனைக் குடுத்து அரிசி வாங்கித் தின்னுக்கிட்டிருந்த சனம். கடல்ல யுத்தம்னு சொல்லி சர்க்கார் கட்டுமரத்த எறக்கவே வுடல. மீனும் போச்சு, அரிசியும் போச்சு.

— தெரியும்.

— தெரியுமா?

— பாருங்க மாப்ளே, சுருக்கினா எங்கியாவது பிசகத்தான் செய்யும். எல்லா ஊரு பிசகையும் ஒண்ணாக் கூட்டி, அது எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறைச்சேன். நூத்துக்கு ரெண்டுகூட வரல.

— அந்த ரெண்டும் ஒரே ஊரு தலையில வுழுந்துச்சு.

— ஒரு ஊருகூட அடிபடாம சுருக்கணும்னா அதுக்கு நேர்வழி இல்ல. இப்பிடிப் போட்டா என்ன, அப்பிடிப் போட்டா என்னன்னு ஒவ்வொண்ணா பெருக்கிப் பாத்துக்கிட்டே இருக்கணும். என் ஆயுசு பத்தாது. மொத்தத்தக் குறைக்கத்தான் வழி தெரியும். அதைச் செஞ்சேன்.

— குப்பத்துக்காக இன்னொரு நம்பர் சேத்துப் போட்டிருந்தா என்ன கொறஞ்சா போயிருக்கும்?

— போட்டிருக்கலாம். சரியாவும் வந்திருக்கும். குமாஸ்தாங்க ரெண்டு தடவ பெருக்கிக் கூட்டணும், தப்பு பண்ணிடுவாங்கன்னு ஆபீசர் இழுத்தார். சின்னக் குப்பம்தானேன்னு நானும் வாய மூடிக்கிட்டேன்.

— சின்னக் குப்பம்தான்.

— அப்பிடிப் பாக்காதீங்க மாப்ளே. இந்தாங்க பேனா. கணக்கே வேணாம். எத்தினி மூட்டைன்னு நீங்க சொல்லுங்க, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். ஆபீசருக்கு நான் பதில் சொல்லிக்கறேன். பட்டியலத் திருத்தத்தானே வந்தீங்க?

— திருத்தத்தான். ஆபீசரேதான் அனுப்புனாரு. பசியில கண்டதையும் தின்னு வந்த வாந்திபேதிக்குத் தப்புன நாலு பேரும் ஊர வுட்டு எந்தப் பக்கம் நடந்தாங்கன்னு தெரியல. குப்பத்துப் பேரை அடிச்சிட்டுக் குடுங்க மச்சான், இனிமே உங்க கணக்கு எல்லா ஊருக்கும் சரியா வரும்.