ஆறு மாத அடைப்பு

வாடகைக்கு விடுகிறவனுக்கு முதலில் வேண்டியது பொறுமை, ஐயா. என்னிடம் அது நிறையவே இருக்கிறது. நீங்கள் அதட்டவே வேண்டாம், நானே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலிபாளையத்தில் எனக்குப் பன்னிரண்டு அறை லைன் வீடு. பனியன் கம்பெனிக்கு வருகிற வடக்கத்திப் பையன்கள்தான் குடியிருக்கிறார்கள். தோட்டத்தை விற்ற காசோடு பேங்க் கடனும் போட்டுக் கட்டினேன். எல்லா அறையும் வருஷம் முழுக்க நிரம்பியிருக்கும் என்று அப்போது மனக்கோட்டை. வாடகை வருமானம் பற்றிக் கோயமுத்தூர் ஓட்டல் ஒன்றில் நடந்த இலவச வகுப்பில், கோட்டுப் போட்ட ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்தார். "காலி மாசத்தைக் கழிங்க சார், மிஞ்சறதுதான் வருமானம்" என்றார். சோறும் நன்றாகத்தான் போட்டார்கள்.

வந்து கழித்தேன். மோட்டார் ரிப்பேர், வெள்ளையடிப்பு, தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பாதவர்கள், சொல்லாமல் ஓடுகிறவர்கள். தவணை போகக் கொஞ்சம் கையில் நின்றது. ஓர் அறை ஆறு மாதம் பூட்டிக் கிடந்தால் அதுவும் போச்சு. சாவை மட்டும் கழிக்க மறந்துவிட்டேன். குடியிருக்க வருகிறவன் சாவான் என்று யார் நினைப்பார்கள்?

ஐந்தாம் அறை மனோரஞ்சன், ஒடிசாக்காரன், தங்கமான பையன். ஒன்றாம் தேதியே வாடகை தந்துவிடுவான். அன்று மத்தியானம் வேலைக்குப் போகாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். என் வீட்டுக்காரி ரங்காத்தாள் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"ஏனுங்க, ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க. பையன் துடிக்கறானுங்க."

"பொறு, மொதல்ல கேலண்டரப் பாக்கறேன்."

தாளில் ரேவதி நட்சத்திரம் என்று போட்டிருந்தது. ரேவதியில் உயிர் போனால் அந்த அறைக்கு ஆறு மாதம் அடைப்பு. பூட்டியே வைக்க வேண்டும், விளக்கு மட்டும் ஏற்றலாம். விளக்கு வாடகை தருமா?

"போன் போட்டாச்சு, நீ உள்ள போ" என்று அவளை அனுப்பினேன். போடவில்லை. போட்டால் கதவு எண் கேட்பார்கள், வண்டி வருவதற்குள் அறைக்குள்ளேயே உயிர் போய்விட்டால் என்ன செய்வது? அவனை மெதுவாகத்தான் தூக்கினேன். காம்பவுண்டுக்குப் பின்னால், அடுத்தவர் காலி மனையில் நிழல் பார்த்துப் படுக்க வைத்தேன். "ஆஸ்பத்திரி, அண்ணா" என்றான். "வண்டி வரும் கண்ணு" என்றேன். தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். தண்ணீருக்குத் தனியாக வாங்குவது என் வழக்கம். அன்று வாங்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் ஷிப்ட் விட்டு வந்தவர்கள் பார்த்தபோதும் மூச்சு இருந்தது என்கிறீர்கள். இருந்திருக்கும். உடனே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னாராம். படித்தவர், சரியாகத்தான் இருக்கும். நான்தான் வெளியே போட்டேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றுதான் மனதை அறுக்கிறது, ஐயா. அன்று கேலண்டரில் தாள் கிழிக்காமல் கிடந்திருக்கிறது. கிழிப்பது ரங்காத்தாள் வேலை. நான் பார்த்தது முந்தின நாள் தாள். அன்றைக்கு உண்மையில் அசுவினி, அதற்கு அடைப்பே கிடையாது. பையன் தாராளமாக என் அறையிலேயே செத்திருக்கலாம்.