‘போனா அழுவீங்களா?’ என்று கேட்டவர்

மேடையில் வீற்றிருக்கும் முதன்மை மருத்துவர் அவர்களே, துறைத் தலைவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அவர் பெற்ற மகளே, இடம் கிடைக்காமல் வாசலில் நிற்கும் தாதியரே, வார்டு ஊழியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எக்ஸ்ரே பிரிவில் எல்லோரையும் அதட்டியே பழகிய குரல் இது. “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்று நாளெல்லாம் சொல்கிறவள் நான். இன்று என் மூச்சு என் பேச்சைக் கேட்கவில்லை.

யாரை இழந்தோம்? நம் மருத்துவமனையின் தகவல் சேமிப்புப் பிரிவுத் தலைவரை, நாம் எல்லோரும் ‘டிஸ்க் அண்ணன்’ என்று அழைத்தவரை இழந்தோம். இதோ, இந்தப் படத்தைப் பாருங்கள். அடையாள அட்டைப் படம். பெரிதாக்கியதில் முகம் கலங்கித் தெரிகிறது. “இதைவிட நல்ல படம் கிடைக்கலையா?” என்று உள்ளே வரும்போதே பலர் கேட்டீர்கள். கிடைக்கவில்லை. வீட்டில் இருப்பது கல்யாணப் படம். அதில் இருக்கும் மாப்பிள்ளையை அண்ணியே சிரமப்பட்டுத்தான் அடையாளம் காட்டுகிறார். நல்ல படங்கள் ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

நாம் எடுக்கும் ஸ்கேன், நோயாளிக் குறிப்பு, பரிசோதனை முடிவு எல்லாம் கீழ்த்தளத்துக் குளிர் அறையில் வரிசை வரிசையாகச் சுழலும் டிஸ்க்குகளில் இருக்கின்றன. எந்த டிஸ்க்கும் ஒருநாள் சாகும். அது செத்தாலும் தகவல் சாகாதபடி, பல டிஸ்க்குகளைக் கூட்டுச் சேர்த்து எழுதும் முறைக்கு ரெய்டு என்று பெயர். “ரெய்டு விஷயமா உங்க பிரிவுக்கு வரேன்” என்று இவர் சொல்லப்போய், கணக்கர் முகம் வெளுத்த கதை உங்களுக்குத் தெரியும்!

ரெய்டு பத்து என்றால் எல்லாமே இரண்டு டிஸ்க்குகளில் பதியும். பாதி இடம் அதற்கே போய்விடும். ரெய்டு ஆறு, ஒரு கூட்டில் இரண்டு டிஸ்க் செத்தாலும் தாங்கும். ரெய்டு ஐந்து, ஒன்று செத்தால் மட்டும்தான் தாங்கும். எதை எதில் வைப்பது? வேகத்தையும் கொள்ளளவையும் கணக்குப் போட்டு முடிவு செய்யலாம். நம் அண்ணனும் கணக்குப் போட்டார். ஆனால் அதற்கு முன்பு நம் அறைக்கு வந்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், கேட்டார்: “இது போனா அழுவீங்களா, திட்டுவீங்களா, சும்மா இருப்பீங்களா?”

என்னிடமும் கேட்டார். எனக்கு வேலை தலைக்கு மேல். “உங்களத்தான் திட்டுவேன், எழுந்து போங்கண்ணே” என்றேன். அவர் போகவில்லை. வெளியே பெஞ்சில் அம்மா மடியில் தூங்கிய குழந்தையைக் காட்டி, “அந்தப் பாப்பாவோட போன வருஷத்துப் படம் போச்சுன்னா?” என்றார். கட்டி வளர்ந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்று ஒப்பிட அந்தப் பழைய படம் ஒன்றுதான் இருந்தது. கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தேன். “சரி, அழுகைன்னு எடுத்துக்கறேன்” என்று எழுந்து போனார். அன்றாடம் திருத்தி எழுதும் நோயாளிக் குறிப்புகளுக்கு ரெய்டு பத்து, ஒருமுறை எழுதினால் மாறாத ஸ்கேன் படங்களுக்கு ரெய்டு ஆறு, பக்கத்திலேயே உதிரி டிஸ்க்குகள் காவல்!

இன்னொரு பிடிவாதமும் உண்டு. நமக்கெல்லாம் இடம் தாராளமாக இருப்பதுபோல் திரை காட்டும். உண்மையில் அவ்வளவு இடம் கிடையாது. டிஸ்க் கூட்டுகளையெல்லாம் சேர்த்து, எல்லோருக்கும் பொதுவாக ஒரு தொட்டி. எழுத எழுதத்தான் அதிலிருந்து இடம் கிடைக்கும். ஒவ்வொருவர் தகவலும் தொட்டி முழுக்கச் சிதறிக் கிடப்பதால், ஒரு கூட்டு செத்தால் தொட்டியே போய்விடும். “ஒரு மூலைல செத்தா எல்லார் வீட்லயும் இழவு” என்பார். அதனால், போனால் சும்மா இருப்போம் என்று நாம் சொன்ன ‘சும்மா’ ரகத்துக்குப் பழைய டிஸ்க்குகளில் ரெய்டு ஐந்தாகத் தனித் தொட்டி வைத்தார். எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் இடம் மிச்சம் என்று நிர்வாகம் சொன்னபோது அசைந்து கொடுத்தாரா? இல்லை!

நம் விழாக்களை எல்லாம் படம் பிடித்தவரும் அவர்தான். “போனெல்லாம் உள்ள வைங்க. மேடையப் பாருங்க. நான் எடுத்து வைக்கறேன்” என்பார். தலைமைத் தாதியின் பிரிவு உபசாரத்தில் கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு, அவரே மேடையேறிப் பாடினார். சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்! வயிறு வலிக்கச் சிரித்தோம். வெளியூரில் வேலை பார்க்கும் மகளால் அன்று வர முடியவில்லை.

பிறகு புது ஸ்கேன் கருவி வந்தது. ஸ்கேன்களோடு விழாப் படங்களும் இருந்த நல்ல தொட்டி நிரம்பத் தொடங்கியது. எதையாவது வெளியே எடுத்தாக வேண்டும். விழாப் படங்கள் யாருடையவை? அவருடையவை. கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்த அவருடைய உதவியாளர் சொல்கிறார்: “அவரே சிரிச்சாருங்க. ‘இதுக்கு யாரு அழப்போறா’ன்னு சொல்லிட்டுப் பழைய தொட்டிக்கு மாத்திட்டாரு.” காப்பு நகலும் வேண்டாமென்று விட்டுவிட்டார்.

பழைய தொட்டியில் ஒரு டிஸ்க் செத்தது. உதிரி டிஸ்க்கில் அதை மீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதும் செத்தது, தொட்டியே போய்விட்டது. அன்று கேன்டீனில் என்னைத் தேடி வந்தார். “ஸ்கேன் ஒண்ணுகூட போகலம்மா. போனதெல்லாம் சும்மாதான்” என்று நிம்மதியாக டீ குடித்தார். சில வாரங்களில், படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவே இல்லை.

ஊரிலிருந்து வந்த மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “அத்தை, அப்பா பாடினாராமே. ஒரே ஒரு தடவ கேக்கணும். எடுத்துக் குடுங்க அத்தை.” டிஸ்க்கைக் கழற்றி மீட்பவர்களிடமெல்லாம் கொடுத்துப் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. இன்று காலை அவளிடம் சொன்னேன்.  “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அப்பா” என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, இந்தப் படத்தைப் பார்த்துச் சொன்னாள்.

நண்பர்களே! அவர் பணியை நாம் தொடர வேண்டாமா? தொட்டிகள் தனித்தனியாகவே இருக்கும். முதன்மை மருத்துவர் அவர்களே, சபையில் வைத்தே கேட்கிறேன், தலையசையுங்கள். அசைத்துவிட்டார், எல்லோரும் சாட்சி! அவருடைய கேள்வியும் ஒவ்வொரு துறையிலும் தொடரும். ஒரே ஒரு திருத்தம். இனி எவரும் தன் பொருளுக்குத் தானே பதில் சொல்லக் கூடாது. அது காணாமல் போனால் யார் தேடி வருவார்களோ, அவர்களைக் கேட்க வேண்டும்.

அண்ணே, எல்லாத் துறைக்கும் சரியாகக் கேட்டீர்கள். உங்கள் விஷயத்தில் மட்டும் தப்பாக முடிவு செய்துவிட்டீர்கள். ‘இதுக்கு யாரு அழப்போறா’ என்றீர்களே, இதோ முன்வரிசையில் உங்கள் பெண் அழுகிறாள். வாசல்வரை நிற்கும் இவர்களில் ஒருவர்கூடச் சும்மா இல்லை, அண்ணே.