எந்தக் கடல்

மீனவன் மகனாகப் பிறந்தும் வள்ளத்தில் ஏறினால் எனக்குக் குமட்டும். பாம்பனில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. கடலுக்கு லாயக்கில்லை என்றுதான் அய்யா என்னைப் படிக்க வைத்தார். படித்ததால் நாட்டுப்படகு மீனவர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனேன். கடலில் யாருக்காவது ஆபத்து என்றால் முதல் அழைப்பு என் கைபேசிக்குத்தான் வரும். எங்கே தேட வேண்டும் என்று நான் சொன்ன பிறகுதான் மற்ற படகுகள் கிளம்பும்.

அருளானந்தம் என் அக்கா ஜோதிமேரியின் கணவர். புது ஃபைபர் படகு வாங்கச் சேர்த்த பணத்தை வங்கியில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். நான் அதைப் பிட்காயினில் போட்டேன். திருடும் எண்ணம் எனக்கு இல்லை, சார். அதைச் சூதாட்டம் என்று நானே ஒரு காலத்தில் பேசியிருக்கிறேன். ஆனால் வெளிநாட்டு வங்கிகளும் பென்ஷன் நிதிகளும் வாங்க ஆரம்பித்ததும், கோட்டு போட்டவர்களே இறங்கிவிட்டார்கள், இனி நமக்கென்ன பயம் என்று தோன்றியது. பெரிய கைகள் வாங்கினால் விலை நிலையாக நிற்கும் என்று நம்பினேன். அதே கைகள் விற்கவும் செய்யும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஆனி மாதம் ஒரே வாரத்தில் விலை சரிந்தது. மச்சானுடைய பணத்தில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிட்டது. அந்த வாரம் பார்த்துத்தான் அவர் மண்டபத்தில் படகு பேசி முடித்திருந்தார்.

"சனிக்கிழம பணத்த எடுத்துட்டு வா மாப்ள. ரெண்டு பேருமாப் போயிக் குடுத்துட்டு வந்துருவோம்" என்றார். சரி மச்சான் என்றேன். அதற்குள் நண்டு வலையை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று வியாழக்கிழமை காலையில் தனியாகக் கடலுக்குப் போனார்.

மத்தியானம் போன் வந்தது. "மாப்ள, இஞ்சின் நின்னுபோச்சு. நங்கூரக் கயிறும் அந்துபோச்சு. வடகடல்ல கெடக்கேன். கச்சான் காத்து கெழக்க தள்ளுது. ஆளுகள அனுப்பு."

"இந்தா அனுப்புறேன் மச்சான்" என்றேன். அனுப்பத்தான் எழுந்தேன். போனை வைத்ததும் திரையில் விலை தெரிந்தது. இன்னும் இறங்கியிருந்தது. பெரிய வங்கி ஒன்று தன் வாடிக்கையாளர்களுக்குக் காயின் விற்கப் போகிறது, இரண்டொரு நாளில் அறிவிப்பு வரும் என்று பேச்சு அடிபட்டது. வந்தால் விலை ஏறும். எனக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டொரு நாள்தான். நான் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன்.

எங்களுக்கு இரண்டு கடல், சார். தீவுக்கு வடக்கே வடகடல், தெற்கே தென்கடல். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். பாலத்துக்கு அடியில் போய்விட்டால் ஒருவர் எந்தப் பக்கம் திரும்பினார் என்று கரையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கடலுக்குப் போகிறவரிடம் எங்கே என்று கேட்கவும் மாட்டோம். கேட்டால் அன்றைக்கு மீன் படாது என்பார்கள். அக்காவும் ஒருநாளும் கேட்டதில்லை.

பொழுது சாயும் முன்பே, அவருக்குப் போன் போகவில்லை என்று அவள் பதறிக்கொண்டு சங்கத்துக்கு ஓடிவந்தாள். படகுக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

"எந்தக் கடலு?" என்று கேட்டார் ஆன்டனி ராஜ். தேடப் போகிறவர்களில் அவர்தான் மூத்தவர்.

"தென்கடல்" என்றேன்.

"ஏலே, கச்சான் அடிக்கையில தென்கடலுக்கு எவன் போவான்?"

"கணவா படுதுன்னு போனாரு. எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாரு."

செயலாளர் சொன்னதை யார் சந்தேகப்படுவார்கள்? போனார்கள். தென்கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. வள்ளத்தில் அடிபட்டுத் தோள்மூட்டு விலகிய ஆன்டனி ராஜைத் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் அவருக்குக் கட்டுப் போடும்போது நான்தான் பக்கத்தில் இருந்தேன். "மன்னிச்சுக்கப்பா, கண்டுபிடிக்க முடியல" என்று என்னிடம் சொன்னார். வெட்கத்தில் நான் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மச்சான் சாக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. கிழக்கே இழுத்துக்கொண்டு போனால் இலங்கைக் கடற்படை பிடிக்கும், சோறு போட்டு உள்ளே வைத்திருக்கும், வழக்கு முடிந்ததும் விட்டுவிடும். எங்கள் பக்கத்தில் அப்படிப் போய் வந்தவர்கள் எத்தனையோ பேர். அங்கே இருந்தால் அவருக்கும் பாதுகாப்பு, எனக்கும் அவகாசம் என்று நினைத்தேன். முன்பு ஸ்டேஷனில் கேட்டபோதும் உங்களிடம் இதைத்தான் சொன்னேன்.

அறிவிப்பு வந்தது. விலை ஏறியது, விற்றுவிட்டேன். அதற்குள் மச்சானின் உடல் இலங்கையில் பேசாலைக் கரையில் ஒதுங்கியிருந்தது. அடக்கம் முடிந்ததும் பணத்தை அப்படியே அக்காவிடம் கொடுத்தேன்.

"அவுக உன்ன நம்புனது வீண்போகல தம்பி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசுகிறது. அவள் சமைத்துக் கொடுத்தனுப்பும் சோற்றைத் தின்னவும் கூசுகிறது. ஆனால் தின்கிறேன்.

உங்கள் கையில் இருக்கும் போன் கம்பெனிக் காகிதத்தில் மச்சானின் இரண்டு அழைப்புகள் இருக்கின்றன. மத்தியானம் வந்ததைப் பற்றி மட்டும்தான் இதுவரை சொன்னேன். இரண்டாவது, தேடப் போனவர்கள் தென்கடலில் இறங்கிய பிறகு வந்தது. குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

"சார்ஜ் போகப்போகுது மாப்ள. கிட்டக்க மன்னார்க்காரன் வள்ளம் ஒண்ணு நிக்குது. சட்டையக் கழட்டிக் காட்டிக் கூப்புடவா? நேவிகிட்டப் புடிச்சுக் குடுத்துருவானோன்னு யோசனையா இருக்கு. நம்மாளுக வந்துருவாகளா?"

அவர்கள் ஏற்றிக்கொண்டால் மச்சான் பிழைத்துவிடுவார். கடற்படை பிடித்தாலும் பிழைத்துவிடுவார். பிழைத்தால், வடகடல் என்று மத்தியானமே என்னிடம் சொன்னதையும் ஒருநாள் ஊரில் சொல்லிவிடுவார். இதை யோசிக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை, சார்.

"கூப்புடாதீக மச்சான்" என்றேன். "நம்மாளுக பக்கத்துல வந்துட்டாக."

"அப்பச் சரி மாப்ள. நீ சொன்னாச் சரி" என்றார்.